ஒன்றாக வளர்ந்த ஜெர்பில்கள் அடித்துக்கொண்டபோது என்ன செய்தீர்கள்?

லெஸ்டரிலிருந்து:

எங்கள் வீட்டில் நாலு ஜெர்பில்கள், எலி போலிருக்கும் சின்ன வளர்ப்புப் பிராணிகள். நாலும் பெட்டைகள், ஒரே ஈற்றுக் குட்டிகள். கூடப்பிறந்தவை, சண்டையே வராது என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். ஒரு வயது நெருங்கும்வரை அது உண்மையாகத்தான் இருந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியலாகத் தூங்கும். ஒரு அட்டைக் குழாயைப் போட்டால் நாலும் சேர்ந்து பொழுது சாய்வதற்குள் தூளாக்கிவிடும்.

முதலில் மாறியவள் பழுப்பு நிறத்தவள். கல், மரத்துண்டு, மணல் கிண்ணம் என்று கண்ணாடித் தொட்டியில் கிடந்த எல்லாவற்றின் மேலும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே திரிந்தாள். ஜெர்பிலின் அடிவயிற்றில் முடியில்லாமல் நீளவாக்கில் ஒரு கோடு தெரியும், பார்த்திருப்பீர்கள். அது வாடைச் சுரப்பி. அதில் கசிகிற பிசுக்கைப் பூசித்தான் ‘இது என் இடம்’ என்று சொல்கிறது. எப்போதாவது தேய்த்தால் பரவாயில்லை. போகிற வழியெல்லாம் விடாமல் தேய்த்தால் கவனிக்க வேண்டும். அடுத்த சில நாட்களில் சாம்பல் நிறத்தவள் மட்டும் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் தனியாகப் படுக்க ஆரம்பித்தாள். கூட்டுக்குள் நுழையப் பார்த்தால் பழுப்பு பக்கவாட்டில் வந்து உடம்பாலேயே முட்டித் தள்ளுவாள். சத்தம் கிடையாது, கடி கிடையாது. “அக்கா தங்கச்சி சண்டை, விடு” என்றார் வீட்டுக்காரர்.

அது அக்கா தங்கச்சி சண்டை இல்லை. ஒரு ராத்திரி கண்ணாடியில் மடமடவென்று மோதும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே பந்தாகச் சுருண்டு உருள்கின்றன, எது யாருடைய தலை என்றே தெரியவில்லை. அந்த நேரத்தில் வெறுங்கையை உள்ளே விட்டுவிடாதீர்கள். தினமும் சூரியகாந்தி விதை கொடுக்கிற கை என்றெல்லாம் அதற்குத் தோன்றாது, ஆழமாகக் கடித்துவிடும். அடுப்பங்கரைக் கையுறையை மாட்டிக்கொண்டு குப்பை முறத்தை நடுவில் சொருகித்தான் பிரித்தேன். அவசரத்தில் வாலைப் பிடித்து இழுக்கவும் கூடாது. வால் தோல் உறைபோல் உருவிக்கொண்டு வந்துவிடும், மறுபடி வளராது.

சாம்பலுக்கு வாலடியில் கடி, தாடைக்குக் கீழே ஒரு கடி. இவை குறிவைத்துக் கடிக்கிற இடங்களே பின்பக்கமும் கழுத்தும்தான். முடிக்குள் மறைந்திருப்பதால், கையில் எடுத்து ஊதி ஊதிப் பார்த்தால்தான் காயம் தெரியும். மேலே ஆறியதுபோல் இருந்து உள்ளே சீழ் வைத்துவிடும் என்பதால் மறுநாளே மருத்துவரிடம் கொண்டுபோனோம். நாய், பூனையோடு நிற்காமல் சின்னப் பிராணிகளையும் பார்ப்பவராகத் தேடிப் போங்கள்.

அப்புறம் நாலையும் மறுபடி ஒன்றாகச் சேர்க்கவில்லை. ரத்தம் பார்த்தபின் சேர்த்துவைப்பது வீண் ஆசை என்பது என் கட்சி. சண்டைக்கு முந்தைய வாரங்களில் யார் யாரோடு தூங்கினார்கள், சாம்பலை யார் தொந்தரவு செய்யாமல் விட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தோம். புள்ளிக்காரியைச் சாம்பலோடு விட்டோம், பழுப்போடு இன்னொருத்தி. இப்போது இரண்டு ஜோடி, இரண்டு தொட்டி, எட்டடி தூரம். பெட்டைகளை மூன்று, நான்காக வாங்குகிறவர்களை இனிமேல் நான் தடுத்துத்தான் பேசுவேன்.

டொராண்டோவிலிருந்து:

லெஸ்டர் அக்கா சொன்னது பெட்டைக் கூட்டத்துக்கு. ஆண் ஜோடிகள் பொதுவாகச் சாதுதான். ஆனால் வாடை மாறினால் அவையும் மாறிவிடும்.

எங்களிடம் அண்ணன் தம்பி இரண்டு பேர். பெரியவனுக்கு வயதான காலத்தில் அந்த வயிற்றுச் சுரப்பியிலேயே கட்டி வந்தது. வயதான ஆண்களுக்கு இது அடிக்கடி வருகிற ஒன்று. அறுவை முடிந்து ஒரு இரவு மருத்துவமனையில் தங்கிவிட்டு வந்தான். தொட்டியில் விட்டதும் தம்பி ஓடிவந்து முகர்ந்தான், முடியெல்லாம் சிலிர்த்துக்கொண்டது, பல்லைக் கடகடவென்று நறநறத்தான். பாய்வதற்குள் தூக்கிவிட்டேன். வந்தவன் அவனுக்கு அண்ணனே இல்லை, மருந்து வாடை அடிக்கிற அந்நியன். மங்கோலியப் புல்வெளியில் இவை குடும்பம் குடும்பமாக வளை தோண்டி வாழ்பவை. வேற்று வாடையோடு வருகிற எதையும் துரத்திவிடும். அமெரிக்காவுக்கு 1954-இல் வந்ததிலிருந்து எத்தனையோ தலைமுறை கண்ணாடித் தொட்டியில் பிறந்தாலும் அந்தக் குணம் போகவில்லை.

தையல் ஆறுகிறவரை காத்திருந்து, தொட்டியை நடுவில் கம்பி வலை வைத்துப் பிரித்தோம். வலையின் கண் சின்னதாக இருக்க வேண்டும், மூக்கு நுழைந்தால் மூக்கிலேயே கடி விழும். அடியிலோ ஓரத்திலோ இடுக்கு இருக்கக் கூடாது, ஒரே இரவில் தோண்டி மறுபக்கம் போய்விடுவார்கள். தினமும் பலமுறை ஆட்களை இடம் மாற்றினோம். அதாவது படுக்கையை மாற்றாமல் இவனை அவன் பக்கமும் அவனை இவன் பக்கமும் விட வேண்டும். அவன் தூங்கிய கூட்டில் இவன் தூங்கி எழுந்தால்தான் இரண்டு வாடையும் ஒன்றாகும். முதலில் வலையைக் கடித்துக் குதறினார்கள். பிறகு மெல்ல மெல்ல, இருவரும் வலையை ஒட்டியே கூடு கட்டி, முதுகோடு முதுகு வைத்துத் தூங்கினார்கள்.

சேர்க்கும்போது பெரிய தொட்டியில் விடவில்லை. கால்வைக்க மட்டும் இடமுள்ள ஒரு சின்னப் பெட்டி, கொஞ்சம் மரச்சீவல், வேறொன்றும் இல்லை. சக்கரம் இல்லை, வீடு இல்லை, சொந்தம் கொண்டாட எதுவுமே இல்லை. கையுறையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒருவன் தலையைத் தாழ்த்திக் காட்ட மற்றவன் காதுக்குப் பின்னால் நக்கிவிட்டான். அதுதான் எதிர்பார்த்தது. இருந்தும் அன்றிரவு முழுக்க அறையை விட்டு நகரவில்லை. இடத்தைப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினோம்.

எங்களுக்குப் பலித்தது கடி விழுவதற்கு முன்பே பிரித்ததால்தான் என்று நினைக்கிறேன். ரத்தச் சண்டை விஷயத்தில் நானும் அக்கா கட்சிதான்.

ஓரிகானிலிருந்து:

கலிஃபோர்னியாவில் இருந்தவரை ஜெர்பில் வளர்க்க முடியாது, அங்கே சட்டப்படி தடை. தப்பித்துப்போனால் அந்த வறண்ட நிலத்தில் பெருகிப் பயிரை அழித்துவிடும் என்ற பயம். இங்கே வந்துதான் என் பையன் ஆசை நிறைவேறியது. நான் சொல்ல வருவது சண்டை இல்லாததைச் சண்டை என்று நினைப்பது பற்றி.

மூக்கைச் சுற்றிச் சிவப்பாகப் படிந்திருப்பது எப்போதும் ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வருகிற கசிவும் அந்த நிறத்தில்தான் இருக்கும். ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்து, அடியில் காயம் இருக்கிறதா என்று தேடுங்கள். குட்டிகள் பின்காலில் நின்று முன்காலால் குத்துச்சண்டை போடுவதும் விளையாட்டுதான், முடிந்ததும் ஒன்றாகப் படுத்துவிடும்.

இன்னொன்று. எங்கள் ‘இரண்டு ஆண்களில்’ ஒன்று மற்றதைக் கொஞ்சதூரம் துரத்தும், நின்று பின்காலைத் தரையில் தட்டும், மறுபடி துரத்தும். சாயங்காலம் முழுக்க இதே கூத்து. நான் கவலைப்பட்டுக் கம்பி வலை தேடிக்கொண்டிருந்தேன். மாதம் திரும்புவதற்குள் ஐந்து குட்டிகள். ஆணா பெட்டையா என்று கடையில் சொன்னதை நம்பாதீர்கள், வாங்கிய அன்றே, வாலைப் பிடித்துத் தூக்காமல், உள்ளங்கையில் மல்லாத்திப் பார்த்துவிடுங்கள்.

மறுபடி லெஸ்டரிலிருந்து:

டொராண்டோ தம்பி சொன்ன வாடை விஷயத்தோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். பழைய படுக்கையில் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டையும் அப்படியே திரும்ப வையுங்கள். வயதான பெட்டை திடீரென்று சண்டைக்கு இழுத்தால் கர்ப்பப்பைப் பக்கம் கட்டி ஏதும் இருக்கிறதா என்று காட்டுங்கள். பழுப்புக்குப் போன வாரம் காட்டியதில் சூலகத்தில் நீர்க்கட்டி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், மருந்து தொடங்கியிருக்கிறோம். இதே நிலையில் ஜோடியைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.