அப்பாவின் ஹெரால்டும் 12 சென்டிமீட்டர் துருவும்

பிளாஸ்டிக் மாடல் கட்டும் நம் குழுவில் எல்லோரும் நீங்கள் கட்டிய முதல் மாடலைப் பற்றிச் சொல்லிவிட்டீர்கள். நான் என்னுடைய ஒன்பதாவது, பத்தாவது மாடல்களைப் பற்றி எழுதுகிறேன். இரண்டும் ஒரே மாதிரி கிட்தான் (பாகங்களாக வரும், நாமே ஒட்டிக் கட்ட வேண்டும்): ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் டிரையம்ஃப் ஹெரால்டு கார், 1:32 அளவு, அதாவது உண்மைக் காரின் நீளத்தில் 32இல் ஒரு பங்கு. அதைத் தேடிப் பிடித்து வாங்கியதற்குக் காரணம் உண்டு. அந்த இங்கிலாந்துக் காரைத்தான் 1961 முதல் சென்னையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தார்கள். பிற்பாடு இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டுகூட இங்கே வந்தது. அப்பா வைத்திருந்தது பழைய இரண்டு கதவு வண்டி. யாரோ ஓட்டிய வண்டியை 1973இல் வாங்கினார். இளநீல நிறம். 1988இல் விற்றார். நான் பள்ளிக்குப் போனதெல்லாம் அதன் பின்சீட்டில்தான்.

கட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. சின்ன கிட், முழுதும் கட்டி முடித்தால் நீளம் 12 சென்டிமீட்டர். பாகங்களை அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டி, இடுக்குகளில் பட்டி வைத்து, ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கப்புறம் வருகிற, துருவும் தேய்மானமும் காட்டிப் பழசாக்கும் வேலைதான் எனக்கு உயிர்.

முதல் ஹெரால்டில் ஹேர்ஸ்பிரே முறையைப் பயன்படுத்தினேன். செய்யாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் துரு நிறத்தை அடித்து, அதன்மேல் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும். அப்புறம் கடையில் கிடைக்கிற சாதாரண ஹேர்ஸ்பிரேயை மெல்லிசாக இரண்டு முறை அடிக்க வேண்டும். அது காய்ந்ததும் மேலே அக்ரிலிக் பெயின்ட்டில் காரின் நிறம். அன்றைக்கே தண்ணீர் தொட்டு, முடியைக் குட்டையாக வெட்டிய பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினால், அடியில் இருக்கும் ஹேர்ஸ்பிரே கரைந்து மேல் நிறம் சில்லுச் சில்லாகப் பெயரும். உள்ளேயிருந்து துரு எட்டிப் பார்க்கும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நிறம் இறுகிவிடும், பிறகு எளிதில் பெயராது.

எனக்கு அழகாகவே பெயர்ந்தது. கூரையில் ஒரு திட்டு, பானட் நடுவில் இரண்டு, டிக்கி மூடியில் ஒன்று. நவம்பர் மழை நாளில் வார்னிஷ் அடித்ததால் காற்றின் ஈரத்தில் அது வெண்மையாகப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. வெயில் வந்த நாளில் மெல்லிசாக இன்னொரு முறை அடித்ததும் பெரும்பகுதி தெளிந்தது. மழைக்காலத்தில் ஸ்பிரே டப்பாவைத் தொடாதீர்கள் என்பதை மட்டும் இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

அதை ஒரு சிறிய டப்பாவில் வைத்துப் புதுப்பேட்டைக்கு எடுத்துப் போனேன். பழைய வண்டிகளின் பாகங்கள் குவிந்து கிடக்கும் அந்தத் தெருக்களில், நாற்பது வருடத்துக்கு மேல் டிங்கர் வேலை செய்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, வண்டியைக் கண்ணுக்கு அருகே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“தம்பி, வண்டி நல்லா இருக்கு. துருதான் தப்பான இடத்துல புடிச்சிருக்கு.”

“எங்கண்ணே புடிக்கணும்?”

“தண்ணி எங்க நிக்குதோ அங்க. கூரையில எங்க நிக்கும்? வழிஞ்சு ஓடிடும். டோர் அடியில, மட்கார்டு வளைவுக்குள்ள, டிக்கி தரையில நிக்கும். அங்கேருந்துதான் அரிச்சுக்கிட்டு மேல வரும். கடலோரத்துல நிறுத்துன வண்டின்னா இன்னும் சீக்கிரம்.”

அப்புறம் கட்டைவிரல் நகத்தால் ஒரு திட்டைச் சுட்டி, “இது நெசத்துல எவ்வளவு பெருசு?” என்று கேட்டார். நான் கணக்குப் போட்டேன். மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்றால் உண்மைக் காரில் 32 மில்லிமீட்டர். நான் பெயர்த்த திட்டு நான்கு மில்லிமீட்டர். அதாவது பானட் நடுவில் கிட்டத்தட்ட 13 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழப்போகிற துரு! அந்த ஒரு கேள்விக்கு அப்புறம் எந்தச் சில்லைப் பெயர்த்தாலும் முதலில் 32ஆல் பெருக்கிப் பார்க்கிறேன்.

அவர் சொன்ன இன்னொன்றும் மறக்க முடியாதது. ஹெரால்டில் பானட்டும் முன் மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். “டயர் மேலயே உக்காந்து வேலை பாக்கலாம் தம்பி. அந்தச் சொகம் வேற எந்த வண்டியிலயும் இல்ல.” இரண்டு பக்கமும் கொக்கியைத் தளர்த்தித்தான் அதைத் தூக்க வேண்டும். மெக்கானிக் கை எத்தனை ஆயிரம் முறை அந்த இடத்தில் பட்டிருக்கும்! கிரீஸ் கறை அங்கே இல்லாமல் எப்படி?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது. பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

“இது அப்பா வண்டி இல்லடா. அவர் தினமும் காலையில துடைப்பாரே. மழை பெஞ்சா ராத்திரியிலகூட எழுந்து போய்த் துடைச்சுட்டு வருவார். இப்படி விட்டிருப்பாரா?”

அது என்னை உலுக்கிவிட்டது. நான் செய்திருந்தது கைவிடப்பட்ட ஒரு காரை. அப்பாவின் கார் பழசானது வேறு விதமாக. பதினைந்து வருடம் துணி பட்டுப் பட்டு, மேடான இடங்களில் பெயின்ட் தேய்ந்து அடிப்பூச்சு தெரிந்தது. ஹெட்லைட்டுக்கு மேலே புருவம்போல் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பிலும், பின்பக்க வால் முனைகளிலும் செம்பழுப்பாக ஒரு கோடு இருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிறு வயதில் அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே நடந்திருக்கிறேன்.

உடனே இன்னொரு கிட்டுக்குப் பணம் கட்டினேன்.

பத்தாவது காரில் ஹேர்ஸ்பிரே கிடையாது. ரெட் ஆக்சைடு நிறத்தில் அடிப்பூச்சு, அதன்மேல் இளநீலம், வழக்கத்தைவிட மெல்லிசாக. நன்றாகக் காய்ந்தபின் மிக நைசான 3000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து விளிம்புகளில் மட்டும் தேய்த்தேன். மூன்று தேய்ப்பு, நிறுத்திப் பார்ப்பது, இன்னும் இரண்டு தேய்ப்பு. அப்பா துடைத்த திசையிலேயே, முன்னாலிருந்து பின்னால். கதவுக் கைப்பிடியைச் சுற்றி அம்மாவின் வளையல் போட்ட கீறல்கள், அவற்றை மிக மெல்லிய பிரஷ்ஷால் வரைந்தேன். கதவு அடியில் மட்டும் துரு, அதுவும் ஊசிமுனை அளவில். எனாமல் பெயின்ட்டை நன்றாக நீர்க்கவைத்துக் கதவுக் கோடுகளில் ஓடவிட்டேன். மட்கார்டு வளைவுக்குள் செம்மண் நிறச் சுண்ணப்பொடி. கொக்கிகளின் பக்கத்தில் விரல் அகலக் கிரீஸ் கறை, 32ஆல் வகுத்து!

அம்மா அதைக் கையில் வாங்கி, புடவைத் தலைப்பால் கூரையை ஒருமுறை துடைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அது டிவி பக்கத்தில் அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. ஒன்பதாவது என் மேசையில்.

போன வாரம் பத்தாவதையும் புதுப்பேட்டைக்குக் கொண்டு போனேன். டிங்கர் அண்ணன் வண்டியின் மேல்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கொக்கியருகே கறையைக் கண்டதும் சிரித்தார். அப்புறம் மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் நான் வெறும் கறுப்பு அடித்து விட்டிருந்தேன்.

“இஞ்சின் ஆயில் ஒழுகல் எங்க தம்பி?”

எனவே இந்த ஞாயிற்றுக்கிழமை அடிப்பக்க வேலை. எண்ணெய்ச் சாயத்தில் கறுப்பும் பழுப்பும் கலந்து, பளபளப்பு குறையாத ஈரக் கறையாக, இஞ்சினுக்கு அடியிலிருந்து பின்பக்கமாக இழுத்துவிடப் போகிறேன். அதன்மேல் தூசி ஒட்டிய மாதிரி எப்படிக் கொண்டுவருவது என்று யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.