பத்து நாள் வாயை மூடிட்டு உக்காந்தா ஆள் மாறிடுவானா?

செம்பூர்க்காரன்

போன மாசம் மும்பையில இருந்து நாசிக் பக்கம் இருக்கிற இகத்புரி போய்ட்டு வந்தேன். கோயங்கா சொல்லிக்குடுத்த வழியில விபாசனா தியானம், பத்து நாள் முகாம். போனை வாங்கி வெச்சுக்குவாங்க. விடியக்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். பத்தாம் நாள் காலை வரைக்கும் பக்கத்துல உக்கார்ந்திருக்கிறவர்கிட்டகூட பேசக்கூடாது. முதல் மூணு நாள் மூக்கு வாசல்ல மூச்சு போறதையும் வர்றதையும் பார்க்கிறது மட்டும்தான் வேலை. கட்டணம் கிடையாது, முடிச்சவங்க விருப்பப்பட்டா நன்கொடை.

எனக்கு வயசு 51. அஞ்சாம் நாள் மத்தியானம், கால் மரத்துப்போய் உக்கார்ந்திருக்கேன், எங்க வீட்டு க்ரில் கதவு கொண்டி சத்தம் ஞாபகத்துக்கு வருது. நான் ஆபீஸ்ல இருந்து வந்து கொண்டியைத் தள்ளுவேன், அடுத்த நொடி உள்ள டிவி சத்தம் குறையும். என் பொண்ணுதான் குறைப்பா. ரிமோட்டைப் பிடிக்கத் தெரிஞ்ச வயசுல இருந்தே அப்படித்தான். மரியாதைன்னு நினைச்சுட்டு இருந்தேன். அங்க உக்கார்ந்திருக்கும்போதுதான் புரிஞ்சுது, அது பயம்.

வந்து அஞ்சு வாரம் ஆச்சு, ஒரு தடவைகூட குரலை உசத்தல. அதனால சொல்றேன், தன்னை அறிஞ்சா மாற்றம் தானா வரும். மனசைத் திறந்து வெச்சிருந்தாப் போதும். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

தொண்ணூறடி ரோடு

அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. பத்து நாள் லீவு கேட்டா எங்க தாராவியில மெஷினை அடுத்த ஆள் கையில குடுத்துட்டு ‘போய்ட்டு வா’ன்னு அனுப்பிருவாங்க. பதினோராம் நாள் போய் உக்கார இடம் இருக்காது.

எங்க அப்பா தோல் கிடங்குல வேலை பார்த்தவர். சனிக்கிழமை சம்பளம். வீட்டுக்கு வரும்போது பாதிதான் இருக்கும். அவருக்குத் தன்னைப் பத்தித் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? ஞாயித்துக்கிழமை காலைல சுவர்ல சாஞ்சுக்கிட்டு அவரே சொல்வார், ‘நான் உருப்படமாட்டேன்ல, உங்களையும் சேர்த்துக் கெடுக்கேன்’னு. தேம்பித் தேம்பி அழுவார். அவரளவுக்குத் தன்னை அறிஞ்ச மனுஷனை நான் பார்த்ததில்ல. சாயங்காலமானா மறுபடியும் அதே கடை.

ஒரு சனிக்கிழமை எங்க அம்மா என் தங்கச்சியை இடுப்புல வெச்சுக்கிட்டு நேரா சேட்டு முன்னால போய் நின்னுட்டா. ‘இனி சம்பளம் என் கையிலதான்’னு சொன்னா. அன்னையில இருந்து குடி பாதியாச்சு. மஞ்சக்காமாலை வந்து சயான் ஆஸ்பத்திரியில கிடந்தப்புறம் முழுசா நின்னுச்சு. அறிஞ்சதால நிக்கல அண்ணாச்சி. பை காலி, ஈரல் காலி, அதான் நின்னுச்சு.

செம்பூர்க்காரன்

உங்க அம்மாவை மதிக்கிறேன். ஆனா அப்பா பண்ணினது நொந்துக்கிறது. நொந்துக்கிறதுல தன்னைத் திட்டுறதோட சோலி முடிஞ்சிரும். அறியறதுன்னா அந்த ஆசை உடம்புல எங்க கிளம்புதுன்னு பார்க்கணும்.

அப்புறம், இது வசதியானவன் விளையாட்டுன்னு சொல்ற மாதிரி இருக்கு. 1994-ல டெல்லி திஹார் ஜெயில்ல கிரண் பேடி பொறுப்புல இருந்தப்போ சுமார் 1000 கைதிங்க ஒரே முகாம்ல உக்கார்ந்தாங்க. கோயங்காவே பர்மாவுல வியாபாரம் பண்ணிட்டு இருந்தவர்தான், தீராத ஒற்றைத் தலைவலிக்கு வழி தேடி 1955-ல விபாசனா கத்துக்குடுத்த ஊ பா கின்கிட்ட போனார்.

தொண்ணூறடி ரோடு

ஜெயில்ல லீவு கேட்க வேண்டாம் அண்ணாச்சி. அதான் உக்கார்ந்தாங்க.

8:14 ஸ்லோ

ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு விஷயம். நான் காலேஜ்ல உளவியல் நடத்துறவன், இதை லோக்கல் ட்ரெயின்ல தாணே - குர்லா ஸ்டேஷனுக்கு நடுவுல நின்னுக்கிட்டே தட்டுறேன், எழுத்துப்பிழை இருந்தா மன்னிக்கவும்.

1977-ல நிஸ்பெட், வில்சன்னு ரெண்டு பேர் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. கடையில நாலு ஜோடி நைலான் காலுறையை வரிசையா வெச்சு, எது தரமா இருக்குன்னு வர்றவங்களைக் கேட்டாங்க. வலது ஓரத்துல இருந்ததை எடுத்தவங்கதான் அதிகம். ஏன்னு கேட்டா நெசவு, மென்மைன்னு ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. நாலும் ஒரே சரக்கு! ‘ஓரத்துல இருந்துச்சு, எடுத்தேன்’னு யாருமே தானாச் சொல்லல. அப்படி இருக்கலாமான்னு கேட்டதுக்கும் கிட்டத்தட்ட எல்லாரும் இல்லேன்னுட்டாங்க.

ஒரு காலுறைக்கே நாம கதை கட்டுறோம். ஐம்பது வருஷக் கோபத்துக்குக் கட்ட மாட்டோமா? சார், அஞ்சாம் நாள் உங்களுக்குத் தெரிஞ்சது நிஜமா இருக்கலாம். அழகான ஒரு கதையாவும் இருக்கலாம். உள்ள இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அஞ்சு வாரக் கணக்கையும் நம்பாதீங்க. 2009-ல லண்டன்ல 96 பேரை வெச்சுப் பழக்கம் எவ்வளவு நாள்ல படியுதுன்னு பார்த்தாங்க. நடுவாக 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254. அதுவும் மத்தியானம் பழம் சாப்பிடுறது, தண்ணி குடிக்கிறது மாதிரிச் சின்ன விஷயத்துக்கு.

முலுண்ட் மருமகள்

செம்பூர் சார், அஞ்சாம் நாள் உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம் உங்க வீட்ல எல்லாருக்கும் எத்தனையோ வருஷமாத் தெரியும். கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க, மலைப்பாதை வழியா இகத்புரி வரைக்கும் போயிருக்க வேண்டாம். கேட்க முடியாத மாதிரி நீங்க இருந்தீங்க, அதுதான் பிரச்சினையே.

எங்க வீட்லயும் ஒருத்தர் இந்த மாதிரி ஒரு முகாமுக்குப் போய் ‘மாறி’ வந்தார். முன்னாடி நான் ஏதாவது சொன்னா கத்துவார். இப்போ கண்ணை மூடி மூச்சைப் பார்க்கிறார். ரெண்டு விதத்திலயும் நான் சொன்னது காதுல விழல. ஸ்கூல் ஃபீஸ் கடைசித் தேதி போயிடுச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். குரலை உசத்தலன்னு நீங்க சொல்றீங்க. உங்க வீட்ல என்ன சொல்றாங்க?

நெறியாளர்

‘ஏழு நாளில் புது மனிதர்’ விளம்பரம் போட்டவரின் பதிவை நீக்கியாச்சு. இது மூணாவது தடவை. பேச்சைத் தொடருங்க.

பேர் வேண்டாம்

குடிச்சவன் நான். ஆறு வருஷமா நிறுத்தியிருக்கேன். தொண்ணூறடி அண்ணனோட அப்பா கதையைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் ஓடல.

நான் போறது ஏ.ஏ. கூட்டத்துக்கு, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைக்கிறவங்க ஒண்ணாக் கூடுறது. 1935-ல அமெரிக்காவுல ஓஹியோவுல ரெண்டு குடிகாரங்க ஒருத்தருக்கொருத்தர் பேசி ஆரம்பிச்சது. பன்னிரண்டு படி. நாலாவது படியில உன் குறையையெல்லாம் பயப்படாம கணக்கெடுக்கணும். எடுத்தேன். நாப்பது பக்க நோட்டு. எழுதி ரெண்டு மாசம் தலகாணி உறைக்குள்ள வெச்சிருந்தேன். ஒரு மண்ணும் மாறல. உங்க அப்பாவோட ஞாயித்துக்கிழமைதான் அந்த ரெண்டு மாசமும்.

அஞ்சாவது படியில அதை இன்னொரு மனுஷன்கிட்ட வாய்விட்டுச் சொல்லணும். ஒரு டீக்கடைப் பெஞ்சில உக்கார்ந்து வாசிச்சேன். மூணாவது பக்கத்துல, என் பையனோட உண்டியலை உடைச்ச இடம் வந்ததும் குரல் அடைச்சிருச்சு. எதிர்ல இருந்தவர் கட்டிங் சாயை என் பக்கமாத் தள்ளி வெச்சுட்டு, ‘எம்பொண்ணு கொலுசு’ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

செம்பூர் அண்ணே, நீங்க நாலாவது படியில நிக்கிறீங்கன்னு எனக்குப் படுது.

அதே சமயம் அந்த அம்மா பண்ணினதும் சரி. என் ஏடிஎம் கார்டு இன்னிக்கும் என் வீட்டுக்காரிகிட்டதான் இருக்கு.

தொண்ணூறடி ரோடு

எங்க அப்பாவுக்கு எதிர்ல உக்கார ஒரு ஆள் இல்ல, அது உண்மை. நாங்க சின்னப் பிள்ளைங்க, அவர் அழுதா நாங்களும் சேர்ந்து அழுவோம். அதை நான் இதுவரைக்கும் இப்படி யோசிச்சதில்ல.

ஆனா ஆறு வருஷம் கழிச்சும் கார்டு யார்கிட்ட இருக்குன்னு பாருங்க. நான் முதல்ல இருந்து சொல்றது அதைத்தான். சரக்குக் கடைக்கும் கைக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கணும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பொம்பளையா இருக்கா, அவளை எந்த முகாமும் கூப்பிடல.

செம்பூர்க்காரன்

மூணு நாளா எழுதல. முலுண்ட் அம்மா கேட்டதை வீட்ல கேட்டேன். அவ வெண்டைக்காய் நறுக்கிட்டு இருந்தா. பதில் சொல்லாம நறுக்கிட்டே இருந்தா. கால் கிலோ முடிஞ்சப்புறம் சொன்னா: ‘கத்துறதில்ல, சரிதான். முன்னாடி கத்தி முடிச்சீங்கன்னா அன்னிக்கு அவ்வளவுதான்னு தெரியும். இப்போ எப்ப வரும்னே தெரியல.’

நான் பெருமையா எழுதின அஞ்சு வாரமும் அவளுக்கு அப்படித்தான் போயிருக்கு.

நேத்து ராத்திரி 8:40-க்கு கொண்டியைத் தள்ளிட்டு நேரா டிவியைப் பார்த்தேன். ஓரத்துல வால்யூம் நம்பர் ஓடுது, 24-ல இருந்து 9. இகத்புரிக்கு முன்னாடி எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, அப்போ நான் பார்த்ததே இல்ல. கொண்டி துரு பிடிச்சுக் கிடக்கு, எண்ணெய் போட்டுட்டா நான் வர்றதே தெரியாதுன்னு ஒரு யோசனை வந்தது.

தொண்ணூறடி ரோடு

போட்டுராதீங்க அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்கு அது ஒண்ணுதான் இருக்கு.

முலுண்ட் மருமகள்

மனைவிகிட்ட கேட்டீங்க, சரி. ரிமோட் உங்க பொண்ணு கையிலதானே இருக்கு?