ரெயினிங்ல படிச்சது வேலைக்கு வந்தா எங்க போகுது?

நிலாவெளிப்பெடியன்:
நிலாவெளில ஒரு ஹொட்டேல்ல ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் நான், எனக்குக் கீழ 14 பேர். ஏப்ரல்ல கொழும்புக்கு 3 நாள் லீடர்ஷிப் ரெயினிங்குக்கு அனுப்பிச்சினம், நல்லாத்தான் இருந்தது, ஆக்கள் சொல்லுறத முழுசாக் கேக்கோணும், பிழையத் தனியக் கூப்பிட்டுச் சொல்லோணும் எண்டெல்லாம் கொப்பி நிறைய எழுதிக்கொண்டு வந்தன். மே மாசம் சீசன் தொடங்கிச்சு, ஒரே நாளில 22 ரூம் செக்அவுட், பெட்ஷீட் மாத்தேல்ல எண்டு ஒரு பெடியன எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டன். கொப்பி இப்ப அலுமாரிக்கு மேல கிடக்கு. உங்களுக்கும் இப்பிடித்தானா?

உப்புவெளிக் காத்து:
திரும்பி வந்தாப்பிறகு மனேஜர் ஏதும் கேட்டவரா? எங்கட இடத்தில சேர்ட்டிபிக்கட் கொப்பிய வாங்கி ஃபைலுக்குள்ள போட்டதோட சரி. கடைசி நாள் தாற ஃபோர்ம்ல எல்லாரும் 5க்கு 5 போடுவினம், சாப்பாடு நல்லமெண்டா 😄 ரெயினிங் பலன் தந்ததா எண்டு அளக்கக் கேர்க்பாட்ரிக் எண்டவர் சொன்ன 4 படியில அது, பிடிச்சுதா எண்டு கேக்கிறது, முதலாவதுதான். வேலையில ஆள் மாறினாரா எண்டு பாக்கிறது 3ஆவது, அதுவரைக்கும் எங்கட ஆக்கள் போறேல்ல.

ஓர்ஸ்ஹில் அக்கா:
மனேஜர மட்டும் குத்தம் சொல்லாதேங்கோ. படிக்கிற ஆள், படிப்பிச்ச விதம், திரும்பிப் போற வேலையிடம் மூண்டும் சேந்தாத்தான் படிச்சது நிக்கும் எண்டு போல்ட்வின், ஃபோர்ட் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் 1988லயே எழுதிப்போட்டினம். தம்பி, சீசனுக்கு முதல் மாசம் அனுப்பினதே பிழை, மாரி மழைக்கு ரூமெல்லாம் வெறுமையாக் கிடக்கேக்க அனுப்பியிருந்தா பழகிப்பாக்க நேரம் இருந்திருக்கும். நான் ஸ்கூல்ல உப அதிபர், 12 விசயம் எழுதிக்கொண்டு வந்து ஒண்டத்தான் எடுத்தன்: கோவம் வந்தா முதல் வாயில வாறது 'என்ன நடந்தது?' எண்ட கேள்வியா இருக்கோணும். ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் சொல்லியும் வச்சன், மறந்தா ஞாபகப்படுத்துங்கோ எண்டு. முதல் கிழமை 4 தரம் ஞாபகப்படுத்திச்சினம், வெக்கமாத்தான் இருந்தது.

உப்புவெளிக் காத்து:
அக்கா உங்கட ஸ்கூல்ல சரி, ஹொட்டேல்ல சூப்பர்வைசருக்கு ஆர் ஞாபகப்படுத்துவினம், வேலை போயிடும் எண்டு பயப்பிடுவினம்.

நிலாவெளிப்பெடியன்:
லோண்ட்ரில வேலை செய்யிற அம்மா ஒராள் இருக்கிறா, அவ ஆருக்கும் பயமில்ல 😅 அவவிட்ட சொல்லிவைக்கிறன். அந்தப் பெடியன் நாளைக்குக் காலமை ஷிஃப்ட், ரோஸ்டர் வாசிக்க முதலே அவனோட கதைக்கோணும்.