பியானோப் பயிற்சிக்குப் பிள்ளையை வற்புறுத்தி உட்கார வைக்கலாமா?

மயிலை வாசகி:

என் மகளுக்கு எட்டு வயது. ஒன்றரை ஆண்டாகப் பியானோ கற்கிறாள். வாரம் ஒருமுறை வகுப்புக்குக் குதித்துக்கொண்டு போகிறவளுக்கு, வீட்டில் பயிற்சி என்றவுடன் தண்ணீர் தாகமும் வயிற்று வலியும் தவறாமல் வந்துவிடுகின்றன. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வில் முதல் கிரேடுக்குப் பெயர் கொடுத்திருப்பதால், நாள்தோறும் அரைமணி நேரம் வாசித்தே தீர வேண்டும் என்று விதி வைத்து, சுவரில் காலண்டரை மாட்டி, வாசித்த நாளுக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். முதல் மாதம் நன்றாகவே நடந்தது. இப்போது ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கிறாள். அரைமணி முடிந்த நொடியில், பாடத்தின் நடுவில் இருந்தாலும் எழுந்து ஸ்டிக்கரை ஒட்டப் போய்விடுகிறாள். விருப்பம் இருந்தால் தானே வாசிப்பாள், விட்டுவிடு என்கிறார் என் கணவர். விட்டால் ஒருநாளும் தொடமாட்டாள் என்பது என் அச்சம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சைத் தம்புரா:

விதியைத் தளர்த்தாதீர்கள், அம்மா. எங்கள் வீட்டில் விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சுருதிப்பெட்டி ஒலிக்கத் தொடங்கிவிடும். நானும் என் தங்கையும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, சரளி வரிசை என்ற தொடக்கப் பயிற்சியை மூன்று கால வேகத்திலும் பாடி முடித்த பிறகுதான் காப்பி கிடைக்கும். பல் துலக்க விருப்பமா என்று எங்களைக் கேட்காததைப் போலவே, சாதகம் செய்ய விருப்பமா என்றும் எவரும் கேட்டதில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்று மாலை எது வேண்டும் என்பது தெரியும். பதினெட்டு வயதில் எது வேண்டியிருக்கும் என்பது தெரியாது. கர்நாடக இசையானாலும் மேற்கத்திய இசையானாலும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்து வாசிப்பதால் விரல் பழகுவதில்லை. நாள்தோறும் சிறிது வாசித்தால்தான் பழகும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடியும் உட்கார வையுங்கள்.

நிழற்குடை:

நானும் அப்படி வளர்க்கப்பட்டவன்தான், ஐயா. ஐந்தாம் கிரேடு வரை தேறினேன். சான்றிதழ்கள் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. பதினான்கு வயதில் மூடிய கீபோர்டை அதன்பின் நான் திறக்கவே இல்லை. இன்று ஒரு பாட்டு வாசி என்றால் நான்கு பார்கூட, அதாவது தாளக்கணக்கில் பிரித்த நான்கு சிறு பகுதிகள்கூட, என் கையில் வராது.

ஸ்டிக்கரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் அமெரிக்காவில் மழலையர் பள்ளி ஒன்றில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் மட்டும், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பறையில் அதே பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள்தாம் மற்றவர்களைவிடக் குறைந்த நேரம் வரைந்தார்கள். உங்கள் மகள் ஸ்டிக்கரை ஒட்டுவதற்காக நடுப்பாடத்தில் எழுந்து போவதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

தஞ்சைத் தம்புரா:

அதே சோதனையில், முன்னறிவிப்பின்றிப் பரிசு பெற்ற பிள்ளைகளின் ஆர்வம் குறையவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம், தம்பி. தவிரவும், அவர்கள் ஏற்கெனவே வரைவதை விரும்பிய பிள்ளைகள். விருப்பம் இன்னும் முளைக்காத ஒரு பயிற்சிக்குத் தொடக்கத்தில் சிறு ஊக்கம் தருவது கூடாது என்று அந்த முடிவை இழுப்பது சரியாகாது.

கட்டை விரல்:

சென்னையில் பதினாறு ஆண்டுகளாகப் பியானோ சொல்லித் தருகிறேன். உட்கார வைப்பதா வேண்டாமா என்று இருவரும் வாதிடுகிறீர்கள். உட்கார்ந்த பிறகு அந்தக் குழந்தை என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்கவில்லையே.

என் மாணவன் ஒருவனின் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். கீபோர்டு கட்டிலின் மேல் கிடந்தது. சிறுவன் அதன்முன் சம்மணமிட்டு, மணிக்கட்டு மடங்கிய நிலையில் வாசித்துக்கொண்டிருந்தான். முதல் பாரில் தொடங்குவான். ஐந்தாவது பாரில் இடது கை இடம் மாற வேண்டிய இடத்தில் தடுக்குவான். உடனே மறுபடியும் முதல் பாருக்கு ஓடுவான். சமையலறையிலிருந்து, குக்கர் விசிலையும் மீறி, "தப்பு, திரும்ப வாசி" என்று அவன் தாயின் குரல் வரும். அரைமணி நேரத்தில், ஏற்கெனவே நன்றாக வந்த நான்கு பார்களையும் இருபது முறை வாசித்தான். ஐந்தாவது பாரை இருபது முறையும் தவறாகவே வாசித்தான். அன்று அவன் விரல்கள் மனப்பாடம் செய்தது அந்தத் தவற்றைத்தான். அடுத்த வகுப்பில் அதை அழிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஆகவே அரைமணி என்ற கணக்கை விட்டுவிட்டு, இன்று இந்த இரண்டு பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கை தனியாக, இடது கை தனியாக, பிறகு தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து இரண்டு கையும் சேர்த்து. பிசகில்லாமல் மூன்று முறை வந்துவிட்டால் ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தாலும் எழுந்து விளையாடப் போகட்டும். முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வர வேண்டும், தொங்கும் கால்களுக்கு அடியில் ஒரு மணை வேண்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் திருத்தாதீர்கள். உங்களுக்குப் பியானோ தெரியாது என்றால் இன்னும் நல்லது, அவளையே உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. வகுப்பில் அவள் வாசிப்பது உண்மையான பியானோவாக இருந்தால், விரலின் வேகத்துக்கு ஏற்பச் சுத்தியல் கம்பியைத் தட்டும்; மெல்லத் தொட்டால் மெல்லொலியும் அழுத்தினால் பேரொலியும் வரும். வீட்டில் இருப்பது 61 கட்டை கீபோர்டு என்றால் தொடக்கத்துக்கு அதுவே போதும். ஆனால் எப்படித் தொட்டாலும் ஒரே அளவு ஒலி வருகிறது என்றால், வகுப்பில் செய்த அழகை வீட்டில் அவளால் செய்ய முடியாது. குதித்துக்கொண்டு வகுப்புக்கு வருகிற பிள்ளை வீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நிழற்குடை:

ஆசிரியரின் பதிவில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் தேர்வைத் தொடாமல் போய்விட்டீர்கள். டிரினிட்டி கிரேடு தேர்வின் 100 மதிப்பெண்ணில் மூன்று பாடங்களுக்கு மட்டும் 66. தேர்ச்சிக்கு 60 போதும். அதனால் பல வீடுகளில் ஓராண்டு முழுவதும் அந்த மூன்று பாடங்களையே அரைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்காவதாக ஒரு பாட்டைக் கையில் கொடுத்தால் பிள்ளை திருதிருவென்று விழிக்கிறது. 1720-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தம் மூத்த மகன் ஃபிரீடமானுக்கு ஒன்பது வயதானபோது அவனுக்கென்றே ஒரு பயிற்சி ஏட்டைத் தொடங்கினார். 1848-இல் இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளரான ஷூமன் தம் மூத்த மகளின் ஏழாவது பிறந்தநாளுக்குச் சிறு பாடல்களை எழுதிக் கொடுத்தார். பிள்ளைக்கு ஏற்ற இசையைத் தேடிக் கொடுப்பதுதான் ஊக்கம். டிசம்பர் தேர்வுக்காக ஒரு குழந்தை மார்ச்சிலிருந்து மூன்றே பாட்டை வாசிப்பதை என்னவென்று சொல்வது?

தஞ்சைத் தம்புரா:

அந்தப் பாக், தம் மகனின் ஏட்டில் முதலில் என்ன வைத்தார் என்றும் பாருங்கள். சுரக்குறிப்பைப் படிக்கும் முறை, நம் கமகம் போன்ற அலங்காரங்களின் அட்டவணை, எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்ற எண்கள் குறித்த ஒரு பயிற்சி. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். தவிர, பாக்கின் வீட்டில் பாக் இருந்தார். மயிலாப்பூரில் அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்பும் தாய் தந்தையர் எந்தப் பாட்டை எழுதிக் கொடுப்பார்கள்? தேர்வு என்ற ஒரு தேதி இருப்பதால்தான் பல வீடுகளில் கீபோர்டின் மேல் தூசி படியாமல் இருக்கிறது.

நிழற்குடை:

எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, ஐயா. அவள் நாள் முழுக்க முணுமுணுக்கும் சினிமாப் பாட்டின் பல்லவியை வலது கைக்கு மட்டும் சொல்லிக் கொடுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டால் போதும்.

மயிலை வாசகி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கட்டை விரல் அவர்களின் சந்தேகம் சரியாக இருந்தது. எங்கள் கீபோர்டில் தொடும் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் வசதி இருக்கிறது. ஆனால் வாங்கிய நாளிலிருந்தே அது அணைத்து வைக்கப்பட்டிருந்திருக்கிறது. கையேட்டைத் தேடி எடுத்து அதை இயக்கிய மாலையில், ஒரே கட்டையை மெல்லவும் அழுத்தியும் மாறி மாறித் தட்டிக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பாடம் எதையும் வாசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழரை மணி என்ற நேரத்தை மட்டும் விடவில்லை. அதில் தஞ்சை ஐயாவின் பக்கம்தான் நான். அரைமணி என்ற கணக்கை எடுத்துவிட்டேன். காலண்டரைக் கழற்றியபோது, எண்ணி வைத்திருந்த ஸ்டிக்கர்களுக்காக ஒருநாள் அழுதாள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்போது என் கையைப் பிடித்து, "அம்மா, கட்டை விரல்தான் ஒன்று, சுண்டு விரல் ஐந்து, இதுகூடத் தெரியாதா?" என்று சொல்லித் தருகிறாள். என் சுண்டு விரல் அவளுடையதைவிட மோசமாக வளைகிறது என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. தேர்வை அடுத்த சுற்றுக்குத் தள்ளலாமா என்று ஆசிரியரிடம் இன்னும் பேசவில்லை.

தஞ்சைத் தம்புரா:

நல்ல செய்தி. ஆனால் புதிய ஏற்பாடு எதுவானாலும் பதினைந்து நாள் எடுபடும், அம்மா. பள்ளியில் அரையாண்டுத் தேர்வு தொடங்கிய பிறகும் ஏழரை மணிக்கு உட்காருகிறாளா என்று பார்த்து எழுதுங்கள்.

கட்டை விரல்:

அந்த வாரங்களில் ஒரு பார் போதும், ஐந்து நிமிடம் போதும். படிப்புக்கு இடைஞ்சல் என்று கீபோர்டை உறையில் போட்டுப் பீரோவின் மேல் ஏற்றிவிடாதீர்கள். என் மாணவர்களில் பலருடைய கீபோர்டு அங்கிருந்து இறங்கியதே இல்லை.