விற்றவன் போன பிறகும் ஈரானின் எஃப்-14 எப்படிப் பறந்தது?

கேள்வி: மதன் (ஏரோ, மூன்றாம் ஆண்டு)

எஃப்-14 டாம்கேட் போர் விமானம் என்றால் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே பைத்தியம். அமெரிக்காவைத் தவிர அதை வாங்கிய ஒரே நாடு ஈரான். மன்னர் ஷா 80 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார். 1976 ஜனவரியில் முதல் விமானங்கள் வந்தன. 79 வந்து சேர்ந்தபோது புரட்சி வந்துவிட்டது. எண்பதாவது அமெரிக்காவிலேயே தங்கிவிட்டது. 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்த பிறகு உதிரி வரும் கதவு முழுசாகச் சாத்தியாயிற்று. அடுத்த வருடம் செப்டம்பரில் ஈராக்குடன் போர், எட்டு வருடம்.

அந்த எட்டு வருடமும் எஃப்-14 பறந்திருக்கிறது. 1985 பிப்ரவரியில் புரட்சி நாள் அன்று டெஹ்ரான் வானத்தில் 25 விமானங்கள் ஒன்றாகப் போனதாகப் படித்தேன். அமெரிக்கக் கடற்படை 2006இல் கழித்துவிட்ட பிறகும் ஈரான் கைவிடவில்லை.

என் நண்பன் "எல்லாம் கடத்தல் சரக்குதான்" என்கிறான். வகுப்பில் இன்னொருத்தி "காப்பியடித்துச் செய்திருப்பார்கள்" என்கிறாள். எனக்கு இரண்டுமே பாதி பதிலாகப் படுகிறது. ஹேங்கருக்குள் தினமும் என்னதான் நடந்திருக்கும்? விமானத்தில் கை வைத்து வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: செந்தில்வேலன்

கடத்தல் நடந்தது உண்மை. ஆனால் எந்த விமானத்துக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஈரானிடம் பாண்டம் எஃப்-4, எஃப்-5 இரண்டும் நிறைய இருந்தன. துருக்கி, கிரீஸ், ஜப்பான், தென்கொரியா என்று பாண்டம் வைத்திருந்த நாடுகள் பல. அதனால் உலகம் முழுக்க உதிரி கிடந்தது. போர் தொடங்கிய 1980இலேயே இஸ்ரேல் பாண்டம் டயர்களை ஈரானுக்கு அனுப்பியது. ஈராக்கின் சதாம் ஜெயித்துவிடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. 1985, 86இல் அமெரிக்காவே திருட்டுத்தனமாக டோ ஏவுகணைகளையும் ஹாக் ஏவுகணையின் உதிரிகளையும் விற்று மாட்டிக்கொண்டது.

எஃப்-14 கதை வேறு. உலகத்தில் இரண்டே பேரிடம்தான் இருந்தது, அதில் ஒருவர் எதிரி. 2007இல் அமெரிக்கா தன் பழைய எஃப்-14களை இயந்திரத்தில் போட்டுத் துண்டு துண்டாக நறுக்கியது. உதிரி எதையும் வெளியாருக்கு விற்கக் கூடாது என்று அடுத்த வருடம் சட்டமே வந்தது. இந்த ஒரு விமானத்துக்காக ஒரு சட்டம்! ஆகவே கடத்தல் மட்டுமே காப்பாற்றியது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில்: பழைய பிட்டர், சூலூர்

தம்பி மதன், எஃப்-14ஐ நான் தொட்டதில்லை. நம் விமானப்படையில் இருபது வருடம் ஏர்ஃப்ரேம் பிட்டராக, அதாவது விமானத்தின் உடல் பாகங்களைப் பராமரிப்பவனாக இருந்தேன், பெரும்பாலும் ஏஎன்-32 என்ற சோவியத் சரக்கு விமானத்தில். 1991இல் சோவியத் யூனியன் உடைந்தபோது வடக்கே ஒரு டிப்போவில் வேலை. எங்களுக்கு விற்றவன் எதிரியாகவில்லை, ஆளே இல்லாமல் போனான். விமானத்தை வடிவமைத்த கீவ், இன்ஜின் செய்த ஜபோரிஜியா இரண்டும் உக்ரைன் பக்கம் போய்விட்டன. பல உதிரிகள் ரஷ்யாவில். நேற்றுவரை ஒரே முகவரிக்குப் போன கடிதத்தை இனி யாருக்கு எழுதுவது என்று மேலே இருந்தவர்களுக்கே குழப்பம். ஈரான்காரன் பட்ட பாட்டில் இது நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் அவன் ஹேங்கரில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும்.

சோவியத் பாகம் எது வந்தாலும் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வரும். பாஸ்போர்ட் என்போம். இத்தனை மணி நேரம், இத்தனை லேண்டிங், இத்தனை வருடம் என்று எழுதியிருக்கும். எது முதலில் தீர்கிறதோ அதோடு பாகத்தின் ஆயுள் முடிந்தது. பெட்டியைத் திறந்தால் மெழுகுத்தாளுக்குள் கிரீஸ் பூசி, புதுசாக மின்னும். ஆனால் அதற்குள் இருக்கும் ரப்பர் சீலை எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தால் தெரியும். நல்ல சீல் உடனே எழும்பிவிடும், பழசில் நகக்குறி அப்படியே நிற்கும். மாட்டாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயசாகிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே கிடங்கு நிறைய சாமான் குவித்து வைத்தால் போதும் என்று நினைக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அனுபவத்தில் முதலில் நின்றது கையெழுத்துதான். பாகம் அப்புறம்தான் தீர்ந்தது.

ஒரு ஹைட்ராலிக் பம்புக்கு ஆயிரம் மணி நேரம் என்று பாஸ்போர்ட்டில் இருக்கிறது. ஆயிரம் முடிந்துவிட்டது. பம்ப் ஜம்மென்று ஓடுகிறது. இன்னும் நூறு மணி ஓட்டலாமா? இதற்குப் பதில் செய்தவனிடம்தான் இருக்கிறது. அவன் இதே மாதிரி பம்புகளை உடையும்வரை ஓட்டிப் பார்த்திருப்பான். எது முதலில் தேயும், எங்கே விரிசல் விடும் என்ற கணக்கு அவன் பீரோவில் இருக்கும். முன்பெல்லாம் கேட்டு எழுதினால் முத்திரையோடு பதில் வரும். 1991க்குப் பிறகு கடிதம் போகும், பதில் வராது. நம் ஆட்களே கழற்றி, சோதித்து, துணிந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. முதல் கையெழுத்துக்கு எத்தனை மாதம் யோசித்தார்கள் என்று நான் பார்த்தேன்.

ஈரானில் அந்த இடத்தில் அமெரிக்க நிபுணர்கள் உட்கார்ந்திருந்தார்கள். புரட்சியோடு அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியது ஹொமாஃபர்கள். வாரண்ட் நிலையில் இருந்த தொழில்நுட்பக்காரர்களுக்கு அங்கே அந்தப் பெயர், பலர் அமெரிக்காவில் பயிற்சி எடுத்தவர்கள். 1979 பிப்ரவரி 9 இரவு டெஹ்ரானின் தோஷான் தப்பே தளத்தில் மன்னரின் காவல்படையை எதிர்த்து நின்றவர்கள் இவர்கள்தான். விமானிகள் பாடு வேறு மாதிரி. 1980 ஜூலையில் ஒரு ஆட்சிக்கவிழ்ப்புச் சதி பிடிபட்டு நிறைய பேர் சிறைக்குப் போனார்கள். போர் வந்ததும் அவர்களில் பலரை வெளியே விட வேண்டியிருந்தது. பத்திரிகைகளில் விமானிகள் பெயர்தான் வரும். என்னைக் கேட்டால் எஃப்-14ஐக் காப்பாற்றியது ஹொமாஃபர்களின் கை.

அடுத்தது, ஒன்றைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டுவது. நாங்கள் அந்த நிற்கிற விமானத்தை கிறிஸ்துமஸ் ட்ரீ என்போம். வேண்டியதை வேண்டியவன் பறித்துக்கொண்டு போவான். வெளியிலிருந்து பார்த்தால் சுலபமான வழி. உண்மையில் ஒரு வேலை இரண்டு வேலையாகும், நல்ல நட்டும் பைப்பும் கழற்றி மாட்டியே தேயும். அதைவிட மோசம், கணக்கு குழம்புவது. ஒருமுறை இரவு ஷிப்டில் அவசரமாக இரண்டு பம்புகளை மாற்றினோம், பாஸ்போர்ட்கள் இடம் மாறிவிட்டன. முப்பது மணி மிச்சமிருந்த பம்ப், முன்னூறு மணி மிச்சம் என்று எழுதிக்கொண்டு ஆறு வாரம் பறந்தது. வருடாந்தர சரிபார்ப்பில் சீரியல் நம்பர் ஒத்துப்போகாமல் கண்டுபிடித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்த விமானத்தில் போய் வந்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

மூன்றாவது, பறப்பதைக் குறைப்பது. எஃப்-14இன் டிஎஃப்-30 இன்ஜின் முரட்டுத்தனமாகக் கையாண்டால் மூச்சுத் திணறும், கம்ப்ரஸர் ஸ்டால். ஆனால் அதன் ரேடார் அந்தக் காலத்தில் மற்ற போர் விமானங்களைவிட வெகு தூரம் பார்க்கும். ஆகவே பல நேரம் அதைச் சண்டைக்கு உள்ளே அனுப்பாமல், தள்ளி நிறுத்திக் காவல் பார்க்க வைத்து மற்ற விமானங்களை வழிநடத்தினார்கள். யுத்த தந்திரம் என்று எழுதுவார்கள். என் கண்ணுக்கு அது இன்ஜின் மணியை மிச்சம் பிடித்ததாகவும் தெரிகிறது.

பதில்: கணபதி லேத்

கோவையில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன், பம்ப் செட் பாகங்கள் செய்கிறோம். விமானம் எனக்குத் தெரியாது, காப்பியடிப்பது தெரியும்.

சாம்பிள் கையில் இருந்தால் அளவு எடுக்க ஒரு நாள் போதும். என்ன உலோகம் என்று ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் சொல்லிவிடும். அதற்கு எப்படிச் சூடு கொடுத்தான், எவ்வளவு நேரம், எதில் குளிர வைத்தான் என்பதை நேராகச் சொல்லாது. ஒரு இறக்குமதி மோட்டாரின் ஷாஃப்டை அப்படியே செய்து கொடுத்தேன். அளவில் குறை கிடையாது. நாலு மாதத்தில் சாவி உட்காரும் பள்ளத்தின் மூலையிலிருந்து விரிசல் விட்டு முறிந்தது. திரும்பத் திரும்பச் செய்து, ஐந்தாவது தடவைதான் நின்றது. என்னுடையது முறிந்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான்.

இதை வைத்துப் பார்த்தால் ஈரான் எஃப்-5ஐ அடிப்படையாக வைத்து சாயிகே, கவ்ஸர் என்று விமானம் செய்ததும், புது எஃப்-14 ஒன்றைக்கூடச் செய்யாததும் எனக்குப் புரிகிறது. எஃப்-14இன் இறக்கை 20 டிகிரியிலிருந்து 68 டிகிரி வரை பின்னோக்கிச் சாயும். இரண்டு இறக்கையின் பாரத்தையும் தாங்குவது நடுவில் இருக்கும் டைட்டானியப் பெட்டி, அதை வெற்றிடத்தில் எலக்ட்ரான் கற்றை வைத்து வெல்டிங் செய்திருக்கிறார்கள். சீல், பேரிங், பிரேக் பேட் எல்லாம் செய்துவிடலாம். அந்தப் பெட்டியை உள்ளூரில் செய்வது அடுத்த ஜென்ம வேலை.

மதன்

எல்லோருக்கும் நன்றி. பாஸ்போர்ட் விஷயம் எங்கள் பாடப்புத்தகத்தில் எங்கேயும் இல்லை. பிட்டர் ஐயா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஆயுளை நீட்டிக் கையெழுத்துப் போட்டவர் தப்பாகப் போட்டிருந்தால்? அந்தப் பயத்தோடு எப்படி வேலை பார்த்தீர்கள்?

பழைய பிட்டர், சூலூர்

பயத்தோடுதான் பார்த்தோம் தம்பி. பயம் போனவனை நாங்கள் விமானத்தின் பக்கம் விடுவதில்லை.

ஒரே தாவலாக நீட்ட மாட்டார்கள். ஐம்பது மணி கொடுத்து, கழற்றிப் பார்த்து, எண்ணெய் வடிகட்டியில் உலோகத் தூள் இருக்கிறதா என்று வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்து, அப்புறம் இன்னொரு ஐம்பது. ஈரானிலும் இதைவிட வேறு வழி இருந்திருக்க முடியாது. 2025 ஜூனில் இஸ்ரேல் வெளியிட்ட வீடியோவில் டெஹ்ரானில் நின்றுகொண்டிருந்த எஃப்-14கள் தீப்பிடித்ததைப் பார்த்தபோது, அரசியல் எதுவும் எனக்கு மனதில் ஓடவில்லை. நாற்பது வருடமாக அதற்கு ஐம்பது ஐம்பதாக உயிர் கொடுத்தவர்களைத்தான் நினைத்தேன். அவர்களில் எத்தனை பேர் என் வயதுக்காரர்களோ.

உன் கேள்விக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் செக்‌ஷனில் ஒரு வாரண்ட் ஆபீசர், பஞ்சாப்காரர். முதன்முதலாக ஆயுள் நீட்டிய பம்புகள் மாட்டிய விமானத்தின் ஏர் டெஸ்ட் அன்று, பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் கொடுத்தார். கேப்டனிடம் கேட்டுக்கொண்டு உள்ளே ஏறி, சக்கரம் உள்ளே போகும் இடம் தெரிகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முக்கால் மணி நேரம். நான் கீழே நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கி இன்ஜின் அணைந்ததும் யாரிடமும் பேசவில்லை. ட்ரேயை எடுத்துவந்து பம்புக்கு அடியில் வைத்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி குத்தவைத்து உட்கார்ந்தார். சிவப்பு ஏஎம்ஜி ஹைட்ராலிக் எண்ணெய் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நிமிடம் முடிந்ததும் என்னைப் பார்த்து, "இரண்டு. எழுதிக்கொள். நாளைக்கும் எண்ண வேண்டும்" என்றார்.