டிஸ்கஸ்: போர் தண்ணீர் விட்ட அன்று மட்டும் மீன் கறுத்துப்போகிறது

வேளச்சேரி_டிஸ்கஸ்:

வணக்கம். தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தண்ணீர் சுமார் 220 லிட்டர். மணல் கிடையாது, வெறும் கண்ணாடி அடி. நாலு அங்குல டிஸ்கஸ் ஆறு. ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு, 300 வாட் ஹீட்டர், 29 டிகிரி. தீனி காலையும் மாலையும் பீஃப் ஹார்ட் மிக்ஸ், நடுவில் பெல்லட்.

ஞாயிறு காலை பாதித் தண்ணீர் மாற்றுவது வழக்கம். பெரும்பாலும் 20 லிட்டர் கேன் தண்ணீர்தான். மாதத்தில் ஒரு வாரம் கேன் கிடைக்காமல் போகும். அன்று மொட்டைமாடி டேங்க் தண்ணீரை நேராக ஹோஸில் விட்டுவிடுவேன். அது போரும் மெட்ரோ வாட்டரும் கலந்த சம்ப் தண்ணீர். ஆன்டி குளோரின், பாட்டிலில் போட்டிருப்பதைப்போல இரண்டு பங்கு. அன்றைக்கே ஸ்பாஞ்சையும் குழாயடியில் அலசிவிடுவேன்.

கேன் தண்ணீர் விட்டால் ஒன்றும் ஆவதில்லை. டேங்க் தண்ணீர் விட்டால் காலையில் மீன் நன்றாகத்தான் இருக்கிறது. மதியம் இரண்டு மூன்று மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கறுக்கிறது. உடம்பில் பட்டைகள் தெரிய, ஹீட்டர் மூலையில் போய் ஒதுங்குகிறது, செவுள் படபடவென்று அடிக்கிறது. மறுநாள் தீனி தொடாது. இன்றும் அதே கதை.

மாற்றுவதற்கு முன் தொட்டியில் பிஎச் 6.2, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 160, கேஎச் (பிஎச்சை அசையாமல் பிடிக்கும் கார்பனேட் அளவு) சோதனையில் ஒரே சொட்டில் நிறம் மாறுகிறது, அதாவது ஏறக்குறைய இல்லை. டேங்க் தண்ணீர் பிஎச் 7.0, டிடிஎஸ் 950, கேஎச் 12. கேனில் டிடிஎஸ் 50. பிஎச்சில் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லையே? கடையில் "குளோரின்தான், மருந்தைக் கூட்டுங்க" என்கிறார்கள்.

செவுள்:

குளோரின் இல்லை ப்ரோ. எத்தனை மணிக்குக் கறுக்கிறது என்பதிலேயே விடை இருக்கிறது. குளோரின் என்றால் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே மீன் கண்ணாடியில் முட்டும், மேலே வந்து வாயைத் திறக்கும். அரை மணிக்குள் தெரிந்துவிடும். சூடு வித்தியாசமும் உடனே காட்டும். நாலைந்து மணி நேரம் சும்மா இருந்துவிட்டு அப்புறம் கறுக்கிறது என்றால், தண்ணீர் தொட்டிக்குள் போன பிறகு மாறுகிறது என்று அர்த்தம்.

நீங்கள் டேங்க் தண்ணீரில் பார்த்த 7.0 பொய்க் கணக்கு. நிலத்தடி நீரில் கார்பன் டை ஆக்ஸைடு அமுங்கிக் கிடக்கும், அதுதான் பிஎச்சைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது. ஏர் ஸ்டோன் ஓட ஓட வாயு வெளியேறும், பிஎச் ஏறும். இப்போதே ஒரு பக்கெட் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு, 24 மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். கேஎச் 12 உள்ள தண்ணீர் 8 தாண்டாமல் நிற்காது. பாதித் தொட்டிக்கு இதை விட்டால் மாலைக்குள் தொட்டி 7.8 பக்கம் போயிருக்கும்.

பிஎச் ஏறுவது மட்டும் என்றால் டிஸ்கஸ் தாங்கும். கூடவே வருவதுதான் சிக்கல். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் அளவை நீங்கள் போடவில்லை. ஆறு மீனுக்கு இரண்டு வேளை பீஃப் ஹார்ட், வாரம் ஒரே மாற்றம், அதோடு பிஎச் 6.2. அந்த பிஎச்சில் அம்மோனியாவை உடைக்கும் ஃபில்டர் பாக்டீரியா பாதித் தூக்கத்தில் இருக்கும். அம்மோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மி.கி.) இருப்பதாக வைத்துக்கொள்வோம். 29 டிகிரியில், 6.2 பிஎச்சில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் விஷமான அம்மோனியா, மீதி தீங்கில்லாத அம்மோனியம். 7.8-க்குப் போனால் நூற்றில் நாலரைப் பங்கு. பாதித் தண்ணீரை எடுத்துக் கொட்டிய பிறகும் விஷம் ஏறக்குறைய இருபது மடங்கு. கிட்டில் பார்த்தால் 1 பிபிஎம் 0.5 ஆகக் குறைந்ததாகக் காட்டும்! செவுள் அடிப்பது இதற்குத்தான். டிடிஎஸ் ஒரே காலையில் 160-இலிருந்து 550-க்குத் தாவியது அதற்கு மேல் ஒரு அடி.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது: தீனி நிறுத்தம், விளக்கு அணைப்பு, ஏர் பம்ப் முழு வேகம். 20 லிட்டர் எடுத்துவிட்டு அதே சூட்டில் 20 லிட்டர் கேன் தண்ணீரை மெதுவாக விடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. அதற்கு மேல் வேண்டாம். பிஎச் டவுன் பாட்டிலைத் தொடாதீர்கள். கேஎச் இருக்கும்வரை இறக்கிய பிஎச் விடிவதற்குள் திரும்ப ஏறும், மீனுக்கு இரண்டு குலுக்கல். சீக்கெம் பிரைம் (குளோரின் நீக்கும் மருந்து) கையில் இருந்தால் 200 லிட்டருக்கு 5 மி.லி. கணக்கில் மொத்தத் தொட்டிக்கும் விடலாம். அது அம்மோனியாவைக் கட்டுகிறதா என்பதில் பலருக்குச் சந்தேகம் உண்டு, குளோரினை உடைப்பது உறுதி.

அந்தப் பாக்டீரியா குடியிருக்கும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசுவதை இன்றோடு விடுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு பிழி, போதும். அதுவும் ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. பெரிய தண்ணீர் மாற்றத்தன்று எதையும் பிழியக் கூடாது.

சம்ப்_தொட்டி:

செவுள் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஆர்ஓ வாங்க ஓட வேண்டியதில்லை. இப்போது கிடைக்கும் டிஸ்கஸ் பண்ணையில் பிறந்தது, அமேசான் ஆற்றில் பிடித்தது இல்லை. 7.8 பிஎச்சில், 400 டிடிஎஸ்ஸில் நன்றாகவே வளரும். மென்தண்ணீர் கட்டாயம் வேண்டியது முட்டை பொரிக்க வைக்கத்தான். வளர்க்கிற தொட்டிக்கு எண் முக்கியமில்லை, அந்த எண் அசையாமல் இருப்பதுதான் முக்கியம். மூன்று வாரம் கேன், ஒரு வாரம் போர் என்பதைவிட எப்போதும் போர் என்பதே மேல்.

ஒரு விதிவிலக்கு. 950 டிடிஎஸ் எதனால் வருகிறது என்று பாருங்கள். ஜிஎச் (கால்சியம், மக்னீசியம் அளவு), கேஎச் இரண்டும் அதற்கேற்ப உயர்ந்திருந்தால் வெறும் சுண்ணாம்புத் தண்ணீர், பயமில்லை. இரண்டும் குறைவாக இருந்து டிடிஎஸ் மட்டும் நின்றால் உப்பு ஏறிய போர். திருவான்மியூர், நீலாங்கரை மாதிரிக் கடலோரப் பக்கம் இது சகஜம், அதற்கு ஆர்ஓ கலக்காமல் வேலை ஆகாது. அபார்ட்மெண்டில் உப்பு போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் இருந்தால் ஏமாறாதீர்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். ஜிஎச் இறங்கும், டிடிஎஸ்ஸும் கேஎச்சும் அப்படியே நிற்கும்.

ஆன்டி குளோரின் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் விற்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட், அதாவது ஹைப்போ. கட்டி வாங்கி 100 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து இருட்டில் வைத்தால், 2 பிபிஎம் குளோரின் உள்ள 100 லிட்டருக்கு 15 மி.லி. போதும். எவ்வளவு குளோரின் என்று தெரியாமல் இரட்டிப்பு, மும்மடங்கு என்று ஊற்றாமல், குளோரினைச் சோதிக்கும் ஓடிஓ சொட்டு வாங்குங்கள். சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, வெள்ளைக் காகிதத்தின் முன் பிடித்தால் லேசான மஞ்சள்கூடத் தெரியும். சம்ப்பில் யாராவது ப்ளீச்சிங் பவுடர் கொட்டியிருந்தால் ஆரஞ்சுக்கே போகும். அன்று மாற்றவே வேண்டாம். சோதித்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

ஈரக்கை:

தண்ணீரின் குணத்தை இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். நேராக ஹோஸ் போடுவதைப் பற்றி யாரும் திட்டவில்லையே என்று நான் வந்தேன் :)

மொட்டைமாடி டேங்க் மே மாத மதியத்தில் 37, 38 டிகிரி போகும். 29-இல் இருக்கும் பாதித் தொட்டியோடு சேர்ந்தால் 33. மார்கழி விடியலில் அதே டேங்க் 24, 25-க்கு வந்துவிடும். குழாயிலிருந்து அழுத்தத்தோடு வரும் குளிர்ந்த நீரில் காற்றும் கூடுதலாகக் கரைந்திருக்கும், சூடான தொட்டியில் அது குமிழாகப் பிரியும். கண்ணாடியில் முத்து முத்தாக ஒட்டினால் பரவாயில்லை, துடுப்பிலும் கண்ணிலும் ஒட்டினால் ஆபத்து.

ஒரு 200 லிட்டர் நீல ட்ரம் வாங்குங்கள். உணவுப் பொருள் வந்த ட்ரம்மாகப் பார்த்து, ரசாயனம் வந்தது எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். முந்தின நாளே நிரப்பி ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் ஓடவிடுங்கள். ட்ரம்முக்கென்று தனியாக ஒரு 300 வாட் ஹீட்டர். 100 லிட்டரை 4 டிகிரி ஏற்றக் கணக்குப்படி ஒன்றரை மணி நேரம், மூடி போடாவிட்டால் இரண்டுக்கும் மேல். குளிக்கப் போடும் ராடை இதில் முக்காதீர்கள். சூடு சீக்கிரம் வரும், ஆனால் அதன் உறை முலாம் பூசிய செம்பு. முலாம் தேய்ந்தால் செம்பு தண்ணீரில் இறங்கும், டிஸ்கஸ் செவுளுக்குச் செம்பு ஆகாது.

மாற்றும் அன்று முதலில் தொட்டி ஹீட்டரை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் விரிசல் விடும், விரிசல் விட்ட ஹீட்டரோடு கையை உள்ளே விடுவது உயிர் விளையாட்டு. ஆறும் நேரத்தில் நாலு பக்கக் கண்ணாடியையும் துணியால் துடைத்து விடுங்கள். பீஃப் ஹார்ட் போடும் தொட்டியில் வழவழப்பாக ஒரு படலம் இருக்கும், அதைத் துடைக்காமல் சைஃபன் மட்டும் பிடித்தால் பாதி அழுக்கு உள்ளேயே நிற்கும். அது படியட்டும், பிறகு அடியை உறிஞ்சி எடுங்கள். நிரப்ப ட்ரம்மில் ஒரு சின்ன சப்மெர்சிபிள் பம்ப், ஹோஸ் நுனியில் வால்வு. 40 லிட்டருக்குப் பத்து நிமிடமாவது ஆகும்படி திருகுங்கள்.

வேளச்சேரி_டிஸ்கஸ்:

எல்லோருக்கும் நன்றி. பக்கெட் தண்ணீர் 24 மணி நேரம் கழித்து 8.2. செவுள் அண்ணே சொன்னது அப்படியே சரி. இரண்டு தடவை கேன் விட்ட பிறகு தொட்டி இப்போது பிஎச் 7.6, டிடிஎஸ் 470, அம்மோனியா 0.5. நாலு மீன் நிறம் திரும்பிவிட்டது, இரண்டு இன்னும் மங்கல். பழையபடி முழுக்கக் கேனுக்கே போய்விடவா? ஜிஎச்சும் உயரம்தான், உப்புப் போர் இல்லை.

செவுள்:

போகாதீர்கள். இப்போது தொட்டியில் கேஎச் இருக்கிறது, பிஎச் 7.6-இல் பாக்டீரியா விழித்து வேலை செய்யும், சில நாளில் அம்மோனியா தானாக இறங்கும். வெறும் கேன் தண்ணீரில் கேஎச் இல்லை. மறுபடி 6-க்கு இறங்கி மறுபடி தேங்கும்.

முழுப் போருக்கும் போக வேண்டாம், நடுவில் நில்லுங்கள். நாலு கேனுக்கு ஒரு 20 லிட்டர் பக்கெட் டேங்க் தண்ணீர், ட்ரம்மில் கலந்து ஒரு நாள் காற்று. டிடிஎஸ் 230, கேஎச் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவாக வரும், அந்தக் கேஎச் பிஎச்சைப் பிடித்து வைக்கப் போதும். முதல் வாரம் தினம் 30 லிட்டர் இந்தக் கலவை. முதல் நாள் 470 சுமார் 437-க்கு வரும், அப்புறம் ஒவ்வொரு நாளும் இன்னும் குறைவாக இறங்கும். ஒரு நாளைக்கு 50-க்கு மேல் இறக்க வேண்டாம். அம்மோனியா 0.25-க்குக் கீழே போனதும் தீனியை ஒரு வேளையில் தொடங்குங்கள், ஐந்து நிமிடத்தில் மிஞ்சியதை உறிஞ்சிவிடுங்கள். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் 70 லிட்டர், ஞாயிற்றுக்கிழமைப் பாதித் தொட்டி மாற்றம் இனி கிடையாது.

மங்கலாக இருக்கும் இரண்டும் இரண்டு மூன்று நாளில் தெளியவில்லை என்றாலோ, ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மூச்சு விட்டாலோ தண்ணீரைக் குறை சொல்லாமல் செவுள் புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தனி இழை போடுங்கள்.

சம்ப்_தொட்டி:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நாலுக்கு ஒன்று என்பதை எழுதி ஒட்டிவைத்து மனப்பாடமாகக் கலக்காதீர்கள். மெட்ரோ வாட்டர் ஏரியிலிருந்தும் வரும், நெம்மேலி கடல்நீர் ஆலையிலிருந்தும் வரும். சம்ப்பில் மெட்ரோ எவ்வளவு, போர் எவ்வளவு என்பது தினம் மாறும். மழைக்காலத்தில் 500 காட்டிய சம்ப் ஏப்ரலில் 1200 காட்டலாம். கேனும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கலந்த பிறகு ட்ரம்மில் மீட்டரை முக்கி 230 பக்கம் வரும்வரை கேனையோ பக்கெட்டையோ கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஏர் ஸ்டோன் போடுங்கள்.