உணவகத்தில் டோஃபுவை விரும்பிச் சாப்பிடுவது எப்படி?

கேள்வி (அண்ணா நகர், மதுரை):
பால் பொருள்கள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதால், சென்ற வாரம் ஓர் உணவகத்தில் சில்லி பனீருக்குப் பதிலாகச் சில்லி டோஃபு வாங்கினேன். மேற்புறம் காரமாக இருந்தாலும் உள்ளே சப்பென்றிருந்தது; கரண்டியால் வெட்டியதும் தண்ணீர் கசிந்து மசாலாவையும் நீர்க்கச் செய்துவிட்டது. இதை ரசித்து உண்ண எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில் 1 (திருமங்கலம்):
பனீரை மனத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடாதீர்கள். எனக்கு அதுவே பெரிய தடையாக இருந்தது. சோயாப் பாலில் கால்சியம் சல்ஃபேட் அல்லது மெக்னீசியம் குளோரைடு சேர்த்துத் திரியவைத்து, அழுத்தி எடுப்பதே டோஃபு. அதில் நீர் மிகுதி என்பதால், வடிக்காமல் வாணலியில் போட்டால் மசாலா உள்ளே இறங்காது. ஆகவே, கெட்டி டோஃபுவை நீர் வடித்து, சோளமாவில் புரட்டி, மொறுமொறுப்பாகப் பொரித்த பிறகு மசாலாவில் பிரட்டித் தரும்படி சொல்லுங்கள். வந்தவுடன் சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் நமத்துவிடும்.

பதில் 2 (கே.கே. நகர்):
மென்மையான டோஃபுவையும் ஒதுக்கிவிடாதீர்கள். சீனாவின் சிச்சுவான் பகுதியைச் சேர்ந்த மாப்போ டோஃபுவில் அந்த வழவழப்பே சுவை. கறி தோசைக்குப் பழகிய நம் நாக்கிற்கு அதன் காரம் அந்நியமாகத் தோன்றாது. சுடுசோற்றில் பிசைந்து உண்ணுங்கள். வழக்கமாக அதில் கொத்துக்கறி சேர்ப்பார்கள் என்பதால், சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமை பொரித்ததையே முதலில் கேட்டுப் பார்க்கிறேன்.